செவ்வாய் பார்க்கப்படும், இலவசம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மொட்டைமாடிக்கு ஏறினால், படிக்கட்டு முழுக்கச் செருப்பு. ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, வார் அறுந்து ஊக்கு குத்தின செருப்பு. சாதாரணமாகவே மூன்று மாடி ஏறுவதற்குள் எனக்கு முட்டி கழன்றுவிடும். அன்றைக்கு ஒரு கையில் காபி ஃபிளாஸ்க், இன்னொரு கையில் கைப்பிடிச் சுவர் என்று செருப்புகளைத் தாண்டித் தாண்டி ஏற வேண்டியிருந்தது.

மொட்டைமாடிக்கு வருவதற்கு எதற்குச் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள், இது என்ன கோயிலா என்று முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

மேலே கல்யாண வீட்டுக் கூட்டம். எங்கள் வானம் பார்க்கும் மன்றத்தின் மொத்த உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொன்று ரயில்வேயில் ரிடையரான பாஸ்கர் சார். அவர் டெலஸ்கோப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒண்டியிருந்தார். அவரைச் சுற்றி நின்ற அத்தனை பேர் கையிலும் ஏதோ காகிதம். நாலு மூலையிலும் மஞ்சள்.

"மேடம், எல்லாரும் ஜாதகம் கொண்டு வந்திருக்காங்க," என்றார். குரலே எழும்பவில்லை.

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கை இரண்டும் காலியாக இல்லை.

போன வாரம் இந்தப் பத்தியில் தாம்பரம் ரயில் நெரிசலைப் பற்றிப் புலம்பியிருந்தேன். 'அம்மா, ஏன் இவ்வளவு அலுப்பு' என்று சிலர் கேட்டிருந்தார்கள். அலுப்பு ரயிலில் ஆரம்பிக்கவில்லை. அது எங்கே ஆரம்பித்தது என்று சொல்லத்தான் இந்த வாரம் மொட்டைமாடிக்குக் கூட்டி வந்திருக்கிறேன்.

வேல் வந்த கதை

செவ்வாய் கிரகம் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் பூமிக்குக் கொஞ்சம் கிட்ட வரும். அப்போதுதான் எங்களுடையது மாதிரிச் சின்ன டெலஸ்கோப்பில் ஏதாவது தெரியும். அந்த மார்கழியில் அது சாயந்திரமே கிழக்கே ஏறி, பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் நின்றது. சேலையூர் ஜனங்களும் பார்க்கட்டுமே என்று பாஸ்கர் சாருக்குத்தான் முதலில் ஆசை வந்தது. 'செவ்வாய் கிரகத்தைத் தொலைநோக்கி வழியே பார்க்கலாம், அனுமதி இலவசம்' என்று எழுதி, கேம்ப் ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தார்.

கடைக்காரருக்கு இடம் பத்தவில்லையாம். தொலைநோக்கியைத் தூக்கிவிட்டார். கிரகத்தையும் தூக்கிவிட்டார். மிச்சம் இருந்ததைக் கொஞ்சம் கௌரவமாக மாற்றி, 'செவ்வாய் பார்க்கப்படும். ஞாயிறு மாலை. இலவசம்' என்று அடித்துவிட்டார். பக்கத்தில் ஒரு ராசிக்கட்டம். மேலே வேல்.

"செவ்வாய்னா முருகர்தானே சார்? டிசைன் நல்லா இருக்கட்டும்னு நாங்களே போட்டோம்," என்றாராம்.

பாஸ்கர் சார் அதைப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார். "வேல் இருந்தா யாரும் கிழிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன் மேடம்," என்றார். அதிலும் தப்பில்லை. யாரும் கிழிக்கவில்லை. நின்று படித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, கல்யாணமாகாத பெண்ணின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

ஊருக்கெல்லாம் இது வேடிக்கை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் காகிதம் எனக்குத் தெரியும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது, நாலு மூலையிலும் மஞ்சளோடு.

எட்டாம் வீட்டுக்காரன்

என் ஜாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரியைச் சுமந்துகொண்டு அப்பா எத்தனை படி ஏறி இறங்கினார் என்று எனக்குக் கணக்குத் தெரியாது. பெண் பார்க்க வருவார்கள், கேசரி சாப்பிடுவார்கள், 'ஊருக்குப் போய்ச் சொல்கிறோம்' என்பார்கள். போகிற வழியில் யாராவது ஜோசியர் இருப்பார். புருஷன் உயிருக்கு ஆகாது என்று சொல்லிவிடுவார். முடிந்தது கதை.

செவ்வாய்க்கிழமைதோறும் சிவப்புத் துணியில் துவரை முடிந்து தானம் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தோம். செவ்வாய்க்குப் பேர்போன கோயில்களுக்குப் பஸ் ஏறினோம். எனக்குப் பஸ் ஆகாது. வாந்தி எடுத்துக்கொண்டே போய்ப் பரிகாரம் செய்துவிட்டு, வாந்தி எடுத்துக்கொண்டே திரும்புவேன். கடைசியில் ஒருவர், முதலில் ஒரு வாழைமரத்துக்குக் கட்டிவைத்து, மரத்தை வெட்டிவிட்டால் தோஷம் அதோடு போய்விடும் என்றார். அன்றைக்குத்தான் முதல்தடவையாக வாயைத் திறந்தேன். "அந்த மரம் என்ன பாவம் பண்ணிச்சுப்பா?" என்றேன். அதற்குப் பிறகு அப்பா ஜாதகத்தை வெளியே எடுக்கவே இல்லை.

எனக்கு வேலை கிடைத்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் கிளார்க். காலையில் தாம்பரத்தில் ரயில் ஏறி, சாயந்திரம் தாம்பரத்தில் இறங்கி, நடுவில் வயசாகிவிட்டது.

முதல் டெலஸ்கோப் வாங்கியது நாற்பதைத் தொட்டபோது. ஏன் என்று ஆபீஸில் கேட்டார்கள். "ஒருத்தன் என் வீட்டுல வாடகை கொடுக்காம இத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கான். மூஞ்சியாவது எப்படி இருக்குன்னு பார்க்க வேண்டாமா?" என்றேன். விளையாட்டாகச் சொன்னேன். ஆனால் நிஜமாகவே அதற்காகத்தான் வாங்கினேன்.

பார்த்தேன். ஒரு துவரம்பருப்பு அளவு இருந்தது. படி படியாகத் துவரை கொடுத்திருக்கிறோம், ஆசாமி ஒரே ஒரு பருப்பு. அன்றைக்கு, அப்போது குடியிருந்த முடிச்சூர் வீட்டு மாடியில் நின்று சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

தவளை

கோபம்தான் முதலில் இருந்தது. அது எப்போது ஆசையாக மாறியது என்று சொல்லத் தெரியவில்லை. அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்கிறது என்று படித்தேன். ஏரி இருந்திருக்கிறது என்று படித்தேன். பேப்பரில் 'செவ்வாயில் உயிர்?' என்று ஒரு கேள்விக்குறியோடு செய்தி வந்தால் போதும், அன்றைக்கு ரயிலில் நிற்க இடமில்லாவிட்டாலும் எனக்குத் தெரியாது. அங்கே யந்திரம் இறங்குகிற நாளெல்லாம் லீவு போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. நாலு கை வைத்த ஆள் வேண்டாம். ஒரு கிருமி போதும். பாறைக்கு அடியில் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு கிருமி இருந்தால்கூட, அது சாபம் இல்லை, குடித்தனம் நடக்கிற இடம். என் வாழ்க்கையைக் கெடுத்ததாகச் சொல்லப்பட்ட இடத்தில் ஏதோ ஒன்றாவது நன்றாக வாழ்ந்துகொண்டிருக்கட்டுமே என்றுதான்.

அந்த டெலஸ்கோப்பைப் பெருவெள்ளத்தில் பறிகொடுத்தேன். முடிச்சூரில் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். வடிந்தபின் போய்ப் பார்த்தால் குழாய் முழுக்கச் சேறு. தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு தவளை குதித்து, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனது. வேற்றுலகத்து உயிரைத் தேடி வாங்கின கருவியில் கடைசியில் அகப்பட்ட உயிர் அது ஒன்றுதான்.

அப்புறம் சேலையூருக்குக் குடிவந்து, சேமிப்பில் இன்னொன்று வாங்கி, பாஸ்கர் சாரைச் சேர்த்துக்கொண்டு, வருஷங்கள் போயின. செய்தி வரும். தண்ணீர் இருந்ததற்கான தடயம். வாயு இருப்பதற்கான அறிகுறி. அடுத்த மாதம், அது அதுவல்ல என்று ஒரு மறுப்பு. ஆபீஸில், "மேடம், உங்க ஆளு ஏதாவது வாயத் தெறந்தாரா?" என்பார்கள். "திறப்பார்," என்பேன். ஒருநாள் பக்கத்து சீட்டுக்காரர், "அங்க ஒண்ணும் கிடையாது மேடம், காலி மனை," என்று சொல்லிவிட்டார். அவரோடு பல நாள் பேசவில்லை. 'இருக்கலாம், தேடிக்கொண்டிருக்கிறார்கள்' என்பதற்குக் கீழே நான் இறங்கியதே இல்லை.

சரி, மொட்டைமாடிக்குத் திரும்புவோம். அங்கே கூட்டம் நிற்கிறது.

"அவனத்தான் பாக்கணும்"

ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, இங்கே ஜோசியர் யாரும் இல்லை, செவ்வாய் கிரகத்தைக் கண்ணால் பார்க்க மட்டும்தான் இந்த ஏற்பாடு என்று விளக்கினேன். சிலர் போர்டைத் திட்டிக்கொண்டே இறங்கிப் போனார்கள். சிலர், வந்தது வந்தோம் என்று வரிசையில் நின்றார்கள். மீனம்பாக்கம் பக்கம் இறங்கிய விமானத்தைக் காட்டி "அதானே?" என்றார் ஒருவர். டெலஸ்கோப்பில் நிதானமாகப் பார்த்த இன்னொருவர், "நல்லாத் தெரியுது மேடம். பரிகாரம் என்ன?" என்று கேட்டார்.

எல்லோரும் போனபின் ஓர் அம்மாவும் பெண்ணும் மட்டும் நின்றார்கள். அம்மாவின் புடவையில் மீன் வாசனை, அதற்கு மேல் பவுடர் வாசனை. கடலோரக் குப்பத்திலிருந்து வந்து கேம்ப் ரோட்டில் மீன் விற்கிறவர். பெயர் மல்லிகா. பெண் தேவி ரத்தப் பரிசோதனை செய்கிற லேபில் வேலை பார்க்கிறாள்.

"இன்னா மேடம், எல்லாரையும் அனுப்சிகினே கீறீங்க. எங்களுக்குப் பாக்க மாட்டீங்களா?" என்றார் மல்லிகா.

"நான் ஜோசியம் பார்க்கறதில்லைம்மா. இதுல செவ்வாயை நேர்ல பார்க்கலாம். அவ்வளவுதான்."

"அவனத்தான் பாக்கணும். அவன்தான் எங்க வூட்ல பேஜார் பண்ணிகினு கீறான்."

விஷயம் இது. கோவிலம்பாக்கத்தில் ஒரு பையன், கால் டாக்சி ஓட்டுகிறவன். அவனுக்கும் தேவிக்கும் பிடித்துப்போய்விட்டது. அவன் அம்மாவும் சம்மதித்திருந்தார். கடைசியில் ஒரு பேச்சுக்கு ஜாதகத்தை எடுத்தால், தேவிக்கு எட்டில் செவ்வாய்.

"அந்தம்மா ஒரே பேச்சா நின்னுகிச்சி மேடம். எம் புள்ள உசுரு எனக்கு வேணும்னுது. பையன் அம்மா பேச்சத் தாண்ட மாட்டான். இதுவோ வேற யாரும் வேணாம்னுது. அலைஞ்சு அலைஞ்சு எனக்குத் தாவு தீந்துபோச்சு."

"அம்மா, வா போலாம்," என்றாள் தேவி. தலையைத் தூக்கவில்லை. அவள் முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், இருபத்தைந்து வயதில், எங்கள் வீட்டுக் கண்ணாடியில்.

"போறது இருக்கட்டும். வந்து பாரு," என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாக வந்துவிட்டது.

அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இதுக்கா?" என்றாள்.

'ஆமாம்மா, இதுக்குத்தான்' என்று சொல்ல நினைத்து, சொல்லாமல் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்து மல்லிகா பார்த்தார். "தம்மாத்தூண்டு கீது. நெத்திலிக் கண்ணாட்டம்," என்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இத்த அந்தம்மா கண்ணுல காட்டணும். மார்கழில நல்ல காரியம் பேச வராது. தை பொறக்கட்டும், இட்டாறேன்," என்றார்.

வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ நான் ஏன் முட்டியைத் தேய்த்துக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும்? டெலஸ்கோப்பைக் காட்டித் தோஷத்தைத் தீர்க்க முடியுமானால் எனக்கே தீர்த்துக்கொண்டிருப்பேனே. அசதியில் தலையை ஆட்டிவிட்டேன். அதை அவர் சரி என்று எடுத்துக்கொண்டார்.

தை

பொங்கல் முடிந்து, தெருமுனைகளில் கரும்புச் சக்கை வாரப்படாமல் கிடந்த ஒரு சாயந்திரம் மல்லிகா சொன்னபடியே கூட்டி வந்துவிட்டார். பையனின் அம்மா பெயர் பாக்கியம். உயரமாக, ஒல்லியாக, நெற்றியில் திருநீறோடு இருந்தார். அவரும் மீன் விற்பவர்தான். கீழேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்.

"இங்க போட்டுக்கலாங்க. தரை சில்லுனு இருக்கும்," என்றேன்.

"இருக்கட்டும் மேடம்."

பாஸ்கர் சார் டெலஸ்கோப்பைத் திருப்பி வைத்தார். பாக்கியம் முதலில் அதைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தேவி அம்மாவின் பின்னால் சுவரோடு ஒட்டி நின்றாள். நான் அவளைப் பார்க்காமல் சேலையூர் விளக்குகளைப் பார்த்தேன்.

பாக்கியம் கண்ணை எடுக்காமலே பேசினார்.

"எனக்கும் எட்டுலதான் மேடம். எங்கூட்டுக்காரரு கடலுக்குப் போயி வரல. புள்ள அப்போ கைக்கொழந்த. செவ்வா முழுங்கிட்டான்னு சொன்னாங்க. நான் முழுங்கிட்டேன்னும் சொன்னாங்க. அதான் பயம். இந்தப் பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல."

இதற்கு நான் தயாராக வரவில்லை. மூடநம்பிக்கை பிடித்த ஒரு மாமியாரை எதிர்பார்த்துத்தான் மாடி ஏறினேன்.

பாக்கியம் நிமிர்ந்தார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அங்க யார்னா கீறாங்களா? குந்திகினு நம்மளப் பாத்துகினு?"

பாஸ்கர் சார் சட்டென்று என் பக்கம் திரும்பினார். இந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். அவரிடமே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இருக்கலாம். தெரியாது. தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாறைக்கு அடியில், ஈரத்தில், ஒரு கிருமி.

அதுதான் நேர்மையான பதில். ஆனால் 'இருக்கலாம்' என்கிற ஒரு சொல் போதும், அந்த அம்மா திரும்பவும் பயந்துபோய்ப் படி இறங்கிவிடுவார். அந்தப் பெண் என்னைப்போல் தாம்பரத்தில் ரயில் ஏறி, தாம்பரத்தில் இறங்கிக்கொண்டிருப்பாள்.

"யாரும் இல்லீங்க," என்றேன்.

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

"மிசினெல்லாம் அனுப்சிப் பாத்தாங்களாமே?"

"பாத்துட்டாங்க. வருஷக்கணக்கா பாத்துட்டாங்க. கல்லும் புழுதியும்தான்."

"காலி வூடா?"

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஞாபகத்துக்கு வந்தார்.

"காலி வீடுதாங்க."

பாக்கியம் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "காலி வூட்டப் பாத்தா இத்தினி நாளு பயந்துகினு இருந்தேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப அவரு போனது கடலாலதான்," என்றார்.

"ஆமாங்க. கடலாலதான்."

"நான் இல்ல."

"நீங்க இல்லீங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மல்லிகா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாக்கியம் அவரைத் தாண்டிச் சுவரோரம் போய்த் தேவியின் முன்னால் நின்றார். "வாம்மா. படி இருட்டா கீது. என் கையப் புடி," என்றார்.

மூன்று பேரும் இறங்கிப் போனார்கள். கீழே செருப்பு மாட்டுகிற சத்தமும், "வர்ற முகூர்த்தத்துலயே வெச்சிக்கலாம், இன்னாத்துக்குத் தள்ளிப் போடறது?" என்ற பாக்கியத்தின் குரலும் கேட்டன.

"மேடம், நீங்களா அப்படிச் சொன்னீங்க?" என்றார் பாஸ்கர் சார்.

"நீங்க போய் வண்டிய எடுங்க சார், அந்தம்மாவைக் கொண்டுபோய் விடணும். கோவிலம்பாக்கம் போற வழியில டிராஃபிக் ஆகும்."

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷன். அவர் போனபின் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். காபி ஆறிப்போயிருந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு, டெலஸ்கோப்பை மூடுவதற்கு முன்னால் ஒருதடவை குனிந்து பார்த்தேன். அதே துவரம்பருப்பு, அசையாமல் இருந்தது.

"யாராவது இருந்தா கோவிச்சுக்காதீங்க," என்றேன். "ஒரு பொண்ணுக்குக் கல்யாணம்."